பியூலா அக்காவின் திரையில்லாத மேசை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகளுக்கு டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டிருந்தபோது சாம் போன் செய்தான். பியூலா அக்காவின் தம்பி. சாதாரணமாக அவன் என்னைக் கூப்பிடுகிறவன் இல்லை. "அக்கா போய்ட்டாங்கக்கா" என்றான். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஃபிட்ஸா?"

"இல்லக்கா. நெஞ்சுவலி. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிபோச்சு. ஃபிட்ஸ் வந்து எத்தினி வருஷம் ஆவுது, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் எட்டு வயது மகளுக்கு அதே வலிப்பு நோய் இருக்கும்போது ஒரு தாய்க்கு வேறு கேள்வி முதலில் வருவதில்லை.

ஆம்பூரில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கும், வேலூரில் அக்காவின் சபையைச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டரைக் கழற்றிவிட்டு வேலை பார்த்த அம்மா என்று சிலர் சொல்வார்கள். கண் தெரியாதவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில்கூட ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் அப்படித்தான் சொன்னார். அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும். எங்கள் மேனேஜர் முனீர் பாய் லாங் பஜாரில் எடுத்த புதுச் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம் என்பதை எதிர் மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்.

நான் பி.காம். முடித்துவிட்டு அந்தத் தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷனில் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். வேலூரிலிருந்து தினமும் பஸ். அக்காவும் அதே பஸ். சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் பார்க்கிறேன், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுசாகப் பொத்திக்கொண்டு, மற்றக் கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார். வெட்டவெளி வந்ததும் கையை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பொத்தினார். கண் ஆஸ்பத்திரியில் போர்டில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"கண்ணுல இன்னாக்கா, கட்டியா?"

"ஒண்ணும் இல்ல. புளியமரம்."

"புளியமரமா?"

"ஆமா, புளியமரம். கண்டக்டர் வர்றாரு, டிக்கெட்ட வாங்கு."

அதன் அர்த்தம் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகப் புளியமரங்கள். காலை வெயில் ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் பளிச்சென்று விழும், மறையும், விழும், மறையும். நமக்கு அது வெறும் வெயில். அக்காவின் மூளைக்கு அது ஆகாது. மினுக்கும் வெளிச்சம் இரண்டு கண்ணிலும் சேர்ந்து பட்டால் வலிப்பு வந்துவிடும்; ஒரு கண்ணை முழுவதும் மூடிக்கொண்டால் அதன் வேகம் குறையும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். பல வருடம் கழித்து நாலு வழிச் சாலைக்காக அந்த மரங்களை வெட்டியபோது பஸ்ஸில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பஸ்ஸுல இனிமே ரெண்டு கையும் ஃப்ரீ" என்றார் அக்கா.

ஷிப்பிங் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோலோ ஷூவோ கப்பலில் போனால் கூடவே பேப்பர்களும் போகும். வாங்குகிறவரின் பாங்க் அனுப்பிய கடிதத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து நம் பேப்பரிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு கமா இடம் மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. டைப் செய்தவர் தன் பேப்பரைத் தானே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் அதைக் கமா, புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். டைப் செய்தவர் பாங்க் கடிதத்தில் பென்சிலை ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டும். அக்கா டைப் செய்வார், நான் வாசிப்பேன். கொஞ்சம் வேகமாகப் போனால் பென்சிலால் மேசையில் தட்டுவார். "மந்திரம் சொல்ற மாதிரி ஓட்டாத வாணி. கமா வந்தா கமான்னு சொல்லு. கமா பாவம், அதுக்கும் ஒரு மரியாத வேணாமா?"

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எழுத்து நடுங்குவது தெரியும். நாங்கள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா மட்டும் கண் வலி என்று சொல்லிவிட்டுத் தன் டைப்ரைட்டரிலேயே இருந்தார். அடுத்த வாரமும் கண் வலி. அதற்கடுத்த வாரமும்.

முனீர் பாய் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே முதலாளி இருந்தார். ஒருநாள் அக்காவின் மேசைக்கு வந்து நின்று, "பியூலாம்மா, டைப்ரைட்டர மொதலாளி வித்துட்டாரு. அடுத்த மாசம் வந்து எடுத்துனு போய்டுவாங்க. நீங்க கம்ப்யூட்டர்ல உக்காரலன்னா நான் இன்னா பண்றது? கீழ பேக்கிங்ல சூப்பர்வைசர் வேலை வேணும்னா கேட்டுப் பாக்கறேன்" என்றார். பேக்கிங் ஹாலில் பாதி ட்யூப்லைட் எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அக்கா அங்கே ஒரு நாள் தாங்க மாட்டார். அது பாய்க்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

அன்று சாயங்காலம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னார். காலேஜில் படிக்கும்போது பக்கத்து வீட்டு டிவி முன்னால் விழுந்தது, வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது, மாத்திரை, எல்லாம்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எதுவும் சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க. நான் சொல்லிட்டேன். அவங்க காபிய பாதியில வெச்சிட்டு எழுந்து போனாங்க. ஆபீஸ்ல சொல்லல. சொன்னா இங்கயும் காபிய பாதியில வெப்பாங்க."

"இப்ப இன்னாக்கா பண்றது?"

"தெரியல. அப்பா இல்ல. சாம் பெங்களூர்ல ரெண்டாவது வருஷம் படிக்கறான். வேலை போனா அவன் படிப்பும் போச்சு."

பஸ் பள்ளிகொண்டா தாண்டியபோது திடீரென்று என் பக்கம் திரும்பினார். "வாணி, நீ வாசிக்கறப்ப நான் டைப் பண்ண பேப்பரையா பாக்கறேன்? பாக்கறதே இல்லியே. கேக்கறேன். எனக்கு வாசிக்க ஒரு ஆளு இருந்தா போதும். அந்த ஆளு ஏன் அந்த மெஷினாவே இருக்கக் கூடாது?"

எனக்கு அது விளங்கவே இல்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒருமுறை வேலூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர் சேகர். அவரிடம் அக்கா காரணம் எதுவும் சொல்லவில்லை. மானிட்டர் வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"மேடம், மானிட்டர் இல்லாம கம்ப்யூட்டரா? கண்ணாடி இல்லாம தல வாரிக்கற மாதிரி."

"நான் தெனம் கண்ணாடி இல்லாமதான் வாரிக்கறேன். கோணலாவா இருக்கு?"

சேகர் அவர் வகிட்டைப் பார்த்தார். நேராக இருந்தது. அதற்கப்புறம் அவர் எங்கள் ஆள்.

முதலில் செய்தது காகிதத்தை வைத்து. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையில் வருவதெல்லாம் பிரிண்டரிலும் வந்து விழும். வரி வரியாக எழுதுவதற்கென்று ஒரு பழைய புரோகிராமும் அதிலேயே இருந்தது. மற்றவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. சேகர் மானிட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிரிண்டரை வைத்தார். அக்கா ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் கர்ரென்று ஒரு வரி காகிதத்தில் வரும். அதைப் படிப்பார். தப்பென்றால் அந்த வரியின் எண்ணைச் சொல்லித் திருத்துவார். திருந்திய வரி மறுபடி கர்ரென்று வரும். நாள் முழுக்க இந்தச் சத்தம். "இன்னாம்மா இது, ரூமுக்குள்ள தையல் கடை வெச்சிட்டீங்க. பேப்பர் வேற ஜாஸ்தி போவுது" என்றார் முனீர் பாய். அக்கா பழைய பில்களின் பின்பக்கத்தை மாட்டி ஓட்டினார். வேலை நடந்தது. ஆனால் மெதுவாக நடந்தது. டைப்ரைட்டரை எடுத்துப் போகிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

குரல் பெங்களூரிலிருந்து வந்தது. சாமின் ஹாஸ்டலில் கண் பார்வை இல்லாத ஒரு மாணவர் இருந்தார். அவரிடம் கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் புரோகிராம் ஒன்று இருந்தது. சாம் அதை ஒரு ஃபிளாப்பியில் வாங்கிக்கொண்டு வந்தான். சேகர் எங்கிருந்தோ பழைய சவுண்ட் கார்டு ஒன்றும், ரேடியோவிலிருந்து பிடுங்கியது போன்ற ஒரு ஸ்பீக்கரும் கொண்டுவந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு அக்கா, சேகர், நான் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பொருத்தினோம். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு இரைச்சல். பிறகு சளி பிடித்த ஒரு வெள்ளைக்காரர் குரல், 'ஏ' என்றது. அக்கா 'பி' அடித்தார். 'பி' என்றது. கமாவை அடித்தார். "கமா" என்றது.

அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தியா? மரியாத தெரிஞ்ச மனுஷன்."

அன்றிலிருந்து அந்தக் குரலுக்குத் துரை என்று பெயர். "துரை இன்னா சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் முனீர் பாய் காலையில் உள்ளே வருவார். எண்ணிக்கைக்காக நாங்கள் எழுதும் என்.ஓ.எஸ். என்ற சுருக்கத்தைத் துரை 'நோஸ்' என்று, மூக்கு என்கிற ஆங்கிலச் சொல்லாக வாசிப்பார். அதனால் சரக்கு கிளம்பும்போதெல்லாம், "மூக்கெல்லாம் சரியா எண்ணி ஏத்தியாச்சா?" என்று பாய் கேட்பது வழக்கமாகிவிட்டது.

அடிக்கும்போது காது, முடிந்த பிறகு காகிதம்: இதுதான் அக்கா அமைத்துக்கொண்ட முறை. கேட்பதற்கு எளிது. ஆனால் திரை இருந்தால் எங்கே இருக்கிறோம் என்று கண் சொல்லிவிடும். துரை ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் சொல்வார். முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதெல்லாம் மனசில் இருக்க வேண்டும். முதலில் பெட்டிகளின் எண்ணும் எடையும் கலந்து போய், ஒரு முழு நாள் வேலையைக் கிழித்துப் போட்டார். அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் எங்கள் செக்‌ஷனில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் வந்து, பக்கவாட்டில் போகும் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக வரிகளாக மாற்றி எழுதினார். நாலைந்து மாதத்தில் துரையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் அது எங்கள் காதுக்கு எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தமாகத்தான் கேட்டது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டே என்னோடு வம்பும் பேசுவார்.

இந்தச் சமயத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, எச் என்ற எழுத்தை அடித்து என்டர் தட்டச் சொன்னார். தட்டினேன். துரை தமிழ் பேசினார். அக்கா தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, துரையின் வாய்க்கு வரும்படி திருத்தித் திருத்தி வைத்திருந்தார். என்ன பேசினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். "எப்பவாவது தேவப்பட்டா தட்டு. அப்ப உனக்குப் பேச்சு வராது. உன்னப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார்.

தேவைப்பட்டது. ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் வருகிறார் என்று ஆபீஸே வெள்ளையடிக்கப்பட்டது. பையர் என்றால் எங்கள் சரக்கை வாங்குகிறவர். முனீர் பாய்க்கு அக்காவின் மேசை உறுத்தியது. "டிவி இல்லாத டிவி ஸ்டாண்டு மாதிரி இருக்கும்மா. வர்றவன் இன்னா நெனப்பான்? ஒரு நாளைக்கு ஒரு மானிட்டர சும்மா வெச்சிக்குங்க. கனெக்‌ஷன் வேணாம். அழகுக்கு." சும்மாதானே என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். ஸ்டோரில் கிடந்த பழைய மானிட்டரைத் துடைத்து மேசையில் வைத்தார்கள். அன்று எல்லா மெஷினும் ஓட வேண்டும் என்று சேகரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் அந்த மேசையில் மானிட்டரைப் பார்த்ததும், கடைசியில் மேடம் வழிக்கு வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டார். பழைய மானிட்டர், படம் உருண்டு உருண்டு பளிச் பளிச்சென்று அடித்தது. பையருக்குக் காட்ட வேண்டிய ஃபைல்களை இரண்டு கையிலும் சுமந்துகொண்டு அக்கா உள்ளே வந்தார். கண்ணைப் பொத்துவதற்குக் கை இல்லை.

அவர் விழுந்ததும் ஓடிப்போய்த் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். அறையே கூடிவிட்டது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார்கள். யாரோ பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைக்கச் சொன்னார்கள். முனீர் பாய் தன் தோல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அதை மோக்க வைக்கக் குனிந்தார். பையர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்கா சொன்ன மாதிரியே எனக்குப் பேச்சு வரவில்லை. எப்படியோ, "மானிட்டர ஆஃப் பண்ணுங்க. பாய், எச் தட்டி என்டர் தட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

சேகர் மானிட்டர் வயரைப் பிடுங்கினார். பாய் ஒரு கையில் செருப்போடு இன்னொரு கையால் தட்டினார். துரை பேச ஆரம்பித்தார்.

"பயப்படாதீங்க. என்னை ஒருபக்கமா படுக்க வைங்க. வாயில எதுவும் வைக்காதீங்க. கைகால அழுத்திப் பிடிக்காதீங்க. கொஞ்ச நேரத்துல நானே எழுந்துக்குவேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மட்டும் ஆஸ்பத்திரி. செருப்பு வேணாம்."

இதெல்லாம் சளி பிடித்த வெள்ளைக்காரத் தமிழில். அறை அப்படியே நின்றது. முனீர் பாய் செருப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள். துரை சொன்னதை யாரும் தட்டவில்லை. ஒருபக்கமாகப் படுக்க வைத்தோம். பையர் தன் கோட்டை மடித்து அவர் தலைக்கு அடியில் வைத்தார். காத்திருந்தோம். துரை சொன்னபடியே அக்கா எழுந்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "செருப்பு எடுத்தாங்களா?"

"எடுத்தாங்கக்கா."

"யாருது?"

"முனீர் பாயோடது."

"அதான் தல இப்படி வலிக்குது." பிறகு பாயைப் பார்த்துச் சொன்னார்: "தோலு வாசனை மோந்தா ஃபிட்ஸ் சரியாவும்னா, எனக்கு ஆம்பூர்ல வரவே கூடாது பாய். காலையில பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து அதத்தான மோந்துட்டு இருக்கேன்."

மறுநாள் பாய் அவர் மேசைக்கு வந்தார். முதலாளியிடம் பேசிவிட்டதாகவும், அந்த மானிட்டர் இனி அந்த அறைக்குள் வராது என்றும் சொன்னார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருந்தா வேலையில வெச்சிருப்பீங்களா பாய்?"

பாய் யோசித்தார். "தெரியலம்மா" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை அக்காவுக்குக் கடைசி வரை பிடிக்கும்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம், சத்துவாச்சாரியில் வீடு, ஹரிணி. வேலையை விட்டேன். ஹரிணிக்கு இரண்டு வயதில் ஜுரத்தோடு வலிப்பு வந்தது. பெரிசானால் சரியாகிவிடும் என்றார்கள். ஐந்து வயதில் ஜுரம் இல்லாமலே வந்தது. மாத்திரை தொடங்கினோம். நான் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தேன். முதலில் டிவியை. பிறகு ஊஞ்சல், சைக்கிள், கோட்டைப் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், தோழி வீட்டுப் பிறந்தநாள். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கியபோது, அந்த நேரத்தில் அவளை வெளியே உட்கார வைக்கும்படி மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டேன். ஆனால் கம்ப்யூட்டர் தெரியாமல் நாளைக்கு அவள் என்ன செய்வாள் என்றும் பயம். அந்தப் பயத்துக்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. பியூலா அக்கா.

அப்போது அக்கா கம்பெனியை விட்டு வீட்டிலிருந்தே சின்னச் சின்ன ஏற்றுமதியாளர்களுக்குப் பேப்பர் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாம் வேலைக்குப் போய், நடுங்காத புது மாதிரி மானிட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். அதை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. "துரை கோச்சிக்குவாரு" என்பார். மானிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு ஜன்னல் இருந்தது. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே டைப் செய்வார்.

ஹரிணியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "அக்கா, இவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. திரையே இல்லாம, காதாலயே பழகட்டும். சின்ன வயசுலயே பழகிட்டா நல்லதுதான?"

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் மாறிவிட்டது.

"மாட்டேன்."

"ஏங்க்கா?"

"இவளுக்கு வெளிச்சத்தக் காட்டி டெஸ்ட் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. ஒண்ணும் வரல."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மாத்திரய விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, தண்ணி, நெருப்பு, உயரம் கிட்ட ஆளு கூட இருக்கணும்னாரு."

"டிவி? கம்ப்யூட்டர்?"

"பாக்கலாம்னாரு."

"அப்ப பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? நீயா?"

அக்கா ஹரிணியைப் பார்த்து, "கம்ப்யூட்டர் கிளாஸ்ல நீ இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

"வராண்டால உக்காந்திருப்பேன் ஆன்ட்டி. அங்க கொசு கடிக்கும்" என்றாள் என் மகள், மிகவும் சாதாரணமாக.

அக்காவுக்கு அப்போது வந்த கோபத்தை நான் ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இது என் ஒடம்புக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை வாணி. உன் பொண்ணுக்கு எதுக்கு மாட்டி உடற? நான் ஒரே ஒரு கதவத்தான் சாத்தினேன். மத்த எல்லாக் கதவும் தொறந்திருக்கணும்னுதான் அத்தினி பாடு பட்டேன். நீயும் கூடத்தான இருந்த? இப்ப எல்லாத்தையும் சாத்திட்டு வந்து, உள்ள உக்காந்துக்க ஒரு நாற்காலி செஞ்சி குடுன்னு என்கிட்ட கேக்கற."

"பயமா இருக்கேக்கா" என்றேன். அழுதுவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

"பயந்துக்கோ. யாரு வேணாம்னது? எங்கம்மா சாவற வரைக்கும் பயந்தாங்க. நான் பஸ் ஏறற வரைக்கும் வாசல்லயே நிப்பாங்க. ஆனா ஒரு நாள் கூடப் போவாதன்னு சொன்னதில்ல. பயந்துக்கிட்டே அனுப்பு."

பிறகு ஹரிணியை மடியில் உட்கார வைத்துத் துரையிடம் அவள் பெயரை அடிக்கச் சொன்னார். துரை அதைக் கொலை செய்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி மறுபடி அடித்தாள். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஹரிணி கம்ப்யூட்டர் வகுப்புக்குள் உட்கார்ந்தாள். முதல் நாள் வகுப்பு முடிகிற வரை நான் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றேன். வாட்ச்மேன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நான் ஒன்றும் மாறிவிடவில்லை. அதன் பிறகு ஏதாவது ஒன்றை மூடத் தோன்றும்போதெல்லாம் அக்காவுக்கு போன் செய்வேன். "டாக்டர் சொன்னாரா, நீயா சொல்றியா?" என்பார். நானாகச் சொல்வதாக இருந்தால் போனை வைத்துவிடுவார்.

அடக்கம் முடிந்த மறுநாள், துரை இருக்கிற அந்தப் பழைய மெஷினை எடுத்துக்கொள்கிறீர்களா என்று சாம் கேட்டான். அக்காவோடு பழகியவர்களில் எனக்குத்தான் அது சேர வேண்டும் என்று நினைத்திருப்பான். வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்தால் என்றைக்காவது ஒரு பலவீனமான நாளில் ஹரிணியை அதன் முன்னால் உட்கார வைத்துவிடுவேன். சேகர் வந்து எடுத்துப் போனார். அவரிடம் இருக்கட்டும்.

அக்காவை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். பாய் அவருடைய சிரிப்பை வைத்திருப்பார். சபையில் அவருடைய பாட்டை வைத்திருப்பார்கள். நான் அந்த 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொள்கிறேன். எனக்காக யாரெல்லாமோ என்னென்னவோ செய்து கொடுத்திருக்கிறார்கள். செய்ய மறுத்து எனக்கு நல்லது செய்தவர் அவர் ஒருவர்தான்.

நாளைக்கு ஹரிணியின் பள்ளியில் ஏலகிரிக்குச் சுற்றுலா. டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகப் போகலாம், படகில் ஏறினால் பக்கத்தில் ஒரு டீச்சர் உட்காரட்டும் என்றார். டீச்சரிடம் மாத்திரையைக் கொடுத்து, எல்லாம் சொல்லியாகிவிட்டது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் பையில் இருக்கின்றன. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன், ஆழ்ந்து தூங்குகிறாள். மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. அனுப்புகிறேன்.